மீதி இரண்டு லிட்டர்

தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது. அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. மூன்று வாரமாகவே அது வேகமாகக் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிண்ணத்தைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது. அவள் நாய் பம்பரம் தண்ணீர் குடித்தால் நடைவழியே குளமாகும். பாதி வாய்க்குள் போகும், பாதி தாடையில் வழியும், அது தலையை உதறும்போது சுவர் வரை தெறிக்கும். குட்டியிலிருந்தே அப்படித்தான். அன்று காலை வைத்த இரண்டு லிட்டரும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் போயிருந்தன, யாரோ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மரியாதையாகக் குடித்துவிட்டு அதே இடத்தில் வைத்ததைப் போல.

துணியை எடுத்துக்கொண்டு வந்தவள், துடைக்க எதுவும் இல்லாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு நோட்டில் எழுதினாள்.

எழுதுவது அவள் தொழில். குடிநீர் வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் அறையில் பதினொரு வருடமாக வேலை. ஒரு குழாயின் இந்த முனையில் எவ்வளவு போனது, அந்த முனையில் எவ்வளவு வந்தது என்று பார்ப்பதுதான் வேலை முழுவதும். இரண்டும் ஒன்றானால் குழாய் நலம். வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கோ கசிவு. தண்ணீர் மாயமாவதில்லை, அது எங்கேயாவது போயிருக்கும் என்று புதிதாகச் சேருபவர்களிடம் அவள் சலிக்காமல் சொல்வாள்.

பம்பரத்துக்கு வந்த நோயையும் அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். உடம்புக்குள் எப்போதும் காவலர்கள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இது நம்முடையது, இது வெளியாள் என்று பிரிப்பது அவர்கள் வேலை. பம்பரத்தின் காவலர்களுக்கு ஒருநாள் அந்த அடையாளம் குழம்பிப்போனது. சொந்த ரத்தத்தின் சிவப்பணுக்களையே வெளியாள் என்று பிடித்து உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஈறு வெளுத்து, கண் மஞ்சளித்து, நாலு படி ஏற முடியாமல் நாய் மூச்சுவாங்கி உட்கார்ந்தது. நாய் டாக்டர் அம்மா ரத்தம் ஏற்றிவிட்டு மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டு, காலை இரண்டு, இரவு இரண்டு. அது காவலர்களை அசத்தித் தூங்கவைக்கும். கூடவே அதே வேலைக்கு இன்னொரு மருந்து, இரவு மட்டும் ஒன்று. வெறும் கையால் தொடக் கூடாதது.

விலை இருந்தது. அகோரப் பசி வரும், தாகம் வரும், சிறுநீர் அடக்க முடியாது, ஓடாமலேயே இரைக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், நாளடைவில் ரோமம் உதிரும், வயிறு தொங்கும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். கடைசியாகச் சொன்னதை அவள் நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

"ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. காவல் தூங்குறப்ப வெளியில இருக்குறது எதுவும் உள்ள வரலாம், அதனால வீட்டைச் சுத்தமா வைங்க. அப்புறம், இந்த மாத்திரையைத் திடீர்னு மட்டும் நிறுத்தக் கூடாது. உடம்பு பழகிடும். நிறுத்தினா தாங்காது."

அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். காலை மருந்தை வேலைக்குப் போகும் அவசரத்தில் வாயைத் திறந்து அடிநாக்கில் போட்டுவிடுவாள். இரவு எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். கையுறை மாட்டி, வேகவைத்த கோழித் துண்டுகளுக்குள் மாத்திரைகளை ஒளித்து, நடைவழியில் தட்டை வைத்து, பம்பரத்தைக் கூப்பிட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கையுறையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். திரும்பி வரும்போது தட்டு வழித்து நக்கியதுபோல் இருக்கும். பிறகு பம்பரத்தைப் பிடித்து, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கி, ஈற்றின் நிறம் பார்த்து, ஒரு இடத்தில் அழுத்தி விட்டுவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுவாள். வெளுத்த இடம் இரண்டுக்குள் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். நோட்டில் குறிப்பாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, நடைவழியிலிருந்து வரும் இரைப்புச் சத்தத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுவாள். நிமிடத்துக்கு அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு.

லிஃப்ட் பொருத்தும் வேலையாக ஆறு வாரம் வெளியூர் போயிருந்த கணவனுக்கு அந்த நோட்டு ஒரு வேடிக்கை. நீ நாய் வளர்க்கிறாயா, தண்ணீர்த் தொட்டி வளர்க்கிறாயா என்று போனில் கேட்டான். அவன் சிரித்தது அவளுக்கும் பிடித்திருந்தது. இந்த வீட்டில் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதற்கும் நீ மீட்டர் மாட்டியிருப்பாய் என்று அவன் முன்பு சொன்னபோது மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பம்பரத்தை அவன்தான் அதற்கடுத்த வாரம் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.

பத்து நாள் முன்பு நோட்டைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். பதினெட்டுக் கிலோ நாய் ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் குடிக்கிறது, படுத்த இடத்தில் அறுபத்து நான்கு இரைப்பு. பக்க விளைவு இந்த நாய்க்கு மிக அதிகம் என்றார். அன்று ரத்த அணு எண்ணிக்கை ஓரளவு நன்றாகவே இருந்ததால், வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே மாத்திரையைப் பாதியாக்கினார். தாகம் குறையும், பாருங்கள் என்றார்.

தாகம் நான்கு லிட்டர் ஆனது.

அதனால்தான் சனிக்கிழமை மாலை ஏழு முதல் ஞாயிறு மாலை ஏழு வரை அவள் முழுச் சோதனை செய்தாள். பம்பரத்தை வெளியே விடவில்லை. உறிஞ்சு விரிப்புகளைத் தரையில் போட்டு, காய்ந்தபோது ஒரு எடை, நனைந்தபின் ஒரு எடை என்று சமையலறைத் தராசில் நிறுத்தாள். ஞாயிறு மாலை வெளியே மழை பிடித்திருந்தது. வீடெங்கும் சிறுநீரும் கோழி வெந்த நீரும் கலந்த ஒரு வாடை. அவள் மேசையில் உட்கார்ந்து கூட்டினாள்.

கிண்ணத்திலிருந்து போனது நான்கு லிட்டர். விரிப்புகளில் வந்தது ஒன்று புள்ளி நான்கு. மூச்சிலும் மலத்திலும் போவதைத் தாராளமாக வைத்தாலும் அரை லிட்டர், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அறுநூறு மில்லி. மொத்தம் இரண்டு.

மீதி இரண்டு லிட்டர்.

தராசைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. கிண்ணத்தைத் தூக்கி அடியில் விரல் ஓட்டிப் பார்த்தாள். விரிசல் இல்லை. மறுபடி கூட்டினாள், இம்முறை விரல் விட்டு எண்ணி. அதே இரண்டு.

பம்பரம் அறையில், அவள் காலடியில் படுத்திருந்தது. இப்போதெல்லாம் பகலில் அது நடைவழியில் படுப்பதில்லை; இரவில் மட்டும் அங்கே போய்ப் படுக்கிறது என்று நினைத்திருந்தாள். நடைவழியில் மாடிப்படிக்கு அடியில், பழைய பெட்டிகள் அடுக்கிய இருட்டு மூலைப் பக்கம் அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்க்கும்; காது பின்னால் மடியும்; குரைக்காது. தபால்காரரின் சைக்கிளைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துக் குரைக்கும் நாய், மூன்று வாரமாக ஒரு முறைகூடக் குரைக்கவில்லை. மருந்தின் அசதி என்று நோட்டில் எழுதியிருந்தாள்.

குனிந்து அதன் விலாவில் கை வைத்தாள். ரோமம் மெலிந்து, எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்து நான்கு.

இருபத்து நான்கா?

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. அது புதிதாகத் தொடங்கவில்லை; மழைச் சத்தத்துக்கு அடியில் இவ்வளவு நேரமும் இருந்துகொண்டேதான் இருந்தது. ஹஹ், ஹஹ், ஹஹ் என்று ஈரமான, பொறுமையான இரைப்பு. நடைவழியிலிருந்து.

அவள் கையின் கீழே நாய் இருந்தது. வாய் மூடியிருந்தது.

எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணினாள்.

அறுபத்து நான்கு.

மூன்று வாரம் இருட்டில் உட்கார்ந்து எண்ணியது எதை? நோட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாக மனதில் புரண்டன. சிந்தாமல் குடித்த தண்ணீர். வழித்து நக்கிய தட்டு. கை கழுவும் அந்த ஒரு நிமிடம். பம்பரம் தட்டின் அருகே போனதைக் கடைசியாக எப்போது கண்ணால் பார்த்தாள்? நினைவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடும்போது முதுகைத்தானே காட்டிக்கொண்டு நின்றாள். நோட்டில் இருந்தது இந்த நாயின் கணக்கு மட்டும் இல்லை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். குறைத்ததிலும் இரவுப் பங்கு பம்பரத்தின் வாய்க்குள் போகவே இல்லை.

பம்பரத்தின் உதட்டைத் தூக்கினாள். வெள்ளியன்றும் சனியன்றும் 'சற்று வெளிர்' என்று எழுதிய ஈறு, இப்போது காகிதம். அழுத்தினாள். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அறைக்கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்தியே பேசினாள். ஈறு வெளுத்ததை மட்டும் சொன்னாள். மற்றதை எந்த வாயால் சொல்வது?

"கைல மாத்திரை இருக்கா?"

படுக்கையருகே காலை மருந்து அட்டை இருந்தது. "ரெண்டு இருக்கு டாக்டர்."

"ரெண்டையும் இப்பவே குடுங்க. தட்டுல வைக்காதீங்க, வாயைத் திறந்து போடுங்க. போட்டுட்டு உடனே தூக்கிட்டு வாங்க, நான் ஒன்பது வரைக்கும் இருப்பேன். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீங்கம்மா. எங்க, பக்கத்துலயா இருக்கு? மூச்சு இவ்வளவு சத்தமா கேக்குதே."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். வண்டிக்குச் சொன்னாள். பத்து நிமிடம் என்று போன் காட்டியது.

பம்பரத்தைத் துண்டில் சுற்றி மடியில் ஏற்றினாள். தாடையைத் திறந்து முதல் மாத்திரையை அடிநாக்கில் தள்ளி, வாயை மூடிப் பிடித்து, தொண்டையைத் தடவினாள். விழுங்கியது. இரண்டாவதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

அலாரம் அடித்தது. எட்டு மணி.

வெளியே இரைப்பு நின்றது.

படிக்கட்டின் அடியில் ஒரு பெட்டி நகர்ந்தது. பிறகு தரையில் நகங்கள். மெதுவாக. வழக்கப்பட்ட நடை. தட்டு வைக்கும் இடத்தில் வந்து நின்றன. ஒரு கனமான உடம்பு தரையில் உட்காரும் சத்தம்.

காத்திருக்கும் சத்தம்.

மடியில் பம்பரம் அவள் கைக்குள் முகத்தைப் புதைத்தது. குரைக்கவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. வெளியே தட்டு நகர்ந்தது. காலித் தட்டு. தரையில் உரசி, அறைக்கதவின் அடியில் வந்து இடித்தது. மறுபடி இடித்தது.

திடீர்னு மட்டும் நிறுத்தக் கூடாது. உடம்பு பழகிடும்.

தெருவில் வண்டியின் ஹாரன். அறைக்கு வேறு வாசல் இல்லை. சன்னலில் கம்பி. வாசல் கதவுக்குப் போக நடைவழி ஒன்றுதான். மார்பில் பம்பரத்தின் இதயம் பூச்சி இறக்கை மாதிரி அடித்துக்கொண்டது. இன்னும் எவ்வளவு நேரம் அடிக்கும்? மறுபடி ஹாரன்.

நாயை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டாள். மறு கையில் மாத்திரை. முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நடைவழி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் இன்று போடாத விளக்கு.

அது உட்கார்ந்திருந்தது. பம்பரம் உட்காரும் இடத்தில், பம்பரம் உட்காரும் விதத்தில். மருந்து என்னவெல்லாம் செய்யும் என்று டாக்டர் சொன்னாரோ எல்லாம் அதில் நடந்திருந்தது. ரோமம் உதிர்ந்து தோல் மெலிந்து, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் தரையில் பரந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. அடிநாக்கு தெரியும்படி, அவள் போட வசதியாக.

அவள் கை தானாக நீண்டது. வேறு வழி தெரியவில்லை. மாத்திரையை உள்ளே வைத்தாள். சூடு. அது வாயை மூடியது. தன் தொண்டையைத் தானே தடவிக்கொண்டது. விழுங்கியது.

வழி விடவில்லை.

தலையை விளக்கை நோக்கி உயர்த்தியது. நீளமான ஒரு கட்டைவிரலால் தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது. ஈறு நல்ல சிவப்பு. ஒரு விரலால் அங்கே அழுத்தி, எடுத்தது. வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது.

கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், அவள் எண்ணுவதற்காகக் காத்திருந்தது.