பகலில் எரிந்த விளக்குகள்

பட்டப்பகலில் வாவியின் நடுவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குருக்கள்மடத்துக் கரையை நோக்கி, மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் சுமந்து ஊர்ந்துகொண்டிருந்த பாதை என்னும் அந்த இரும்பு மிதவையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் தனுஷியா. டீசல் புகையும் கரைச்சேற்றின் வாடையும் மூக்கில் ஏறி, காலையிலிருந்து பின்மண்டையில் தட்டிக்கொண்டிருந்த தலையிடியை நெற்றிவரை இழுத்து வர, எட்டு மாத வயிற்றின்மேல் கைகளைக் கோத்தபடி அவள் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். இறால் பிடிக்கிறவர்கள் இரவில் தோணியில் வைக்கும் விளக்குப் போலத்தான் இருந்தது. தோணியைத்தான் காணவில்லை.

"மச்சாள், இந்த வெயிலுக்க ஆர் விளக்குக் கொழுத்திற?"

கணவனின் தங்கை நிருஷா போனிலிருந்து தலை நிமிர்த்தினாள். "எங்க? ஒண்டையும் காணல்லியே! அண்ணன் கட்டாரில வேலைக்குப் போன இடத்தில நிண்டு டோர்ச் அடிக்கிறாரோ?" சிரித்தவள் சட்டென நிறுத்தினாள். "என்னகா மச்சாள், முகம் இப்பிடி ஊதிக் கிடக்கு?"

தனுஷியா விரல்களைப் பார்த்தாள். கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

காலையில் வீட்டுக்கு வந்து பிரசர் பார்த்த மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ், கேட்டிருந்தார்: "கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி ஏதும் தெரியுதா மகள்? தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே அம்புலன்சுக்கு அடிக்கிறன். அது வலிப்புக்கு முதல் வாற வெளிச்சம். தாயையும் கொண்டு போயிரும், பிள்ளையையும் கொண்டு போயிரும்."

"கண்ணுக்குள்ள ஒண்டுமில்ல மிஸ்."

பொய்யில்லை. அப்போதும் வெளிச்சம் வீட்டுக்குப் பின்னால், வாவித் தண்ணீர்மேல் அல்லவா எரிந்தது!

"எண்டாலும் பிரசர் கூடியிருக்கு. இண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போயிருங்க."

சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

இப்போது வாவியில் இரண்டு விளக்குகள். இல்லை, ஐந்து. தண்ணீரில் தடமே பதியாமல், இன்ஜின் சத்தத்துக்கு அடியில் துடுப்பின் முனகலோடு, அவை பாதையை நோக்கித் திரும்பின.

கண்களை இறுக்க மூடினாள்.

விளக்குகள் அணையவில்லை.

அப்போதுதான் புரிந்தது. "மச்சாள்..." நாக்குப் புரளவில்லை. விலாவுக்குக் கீழே கத்தி இறங்கியது. பிள்ளை ஒருமுறை உதைத்தது.

விளக்குகள் நெருங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு முகம். பெண் முகம். ஊதிப்போன முகம். சதையில் புதைந்த மோதிரங்கள். ஒருத்தி தோணியில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வா மகள். இடம் கிடக்கு."

பல் நெரிபடும் சத்தம்.

யாருடைய பல்?

"ஐயோ, ஆராவது புடிங்க! வலிப்பு வந்திட்டு இவவுக்கு! கெதியாக் கரைக்கு விடுங்க!"

நிருஷாவின் குரல். தூரத்தில். தண்ணீருக்கு அப்பால்.

தனுஷியா திரும்பினாள். பாதை விலகிப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து நின்றவர்களின் கால்களுக்கிடையே ஓர் ஊதிய கை இரும்புத் தட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மோதிரம் மோதி, டக். டக். டக்.

அவள் தன் வயிற்றைத் தொட்டாள்.

தட்டையாக இருந்தது.

அங்கே, பாதையில் கிடந்தவளின் சட்டைக்கு அடியில், வயிறு ஒருமுறை அசைந்தது.

"பிள்ளை..." என்றாள். தோணி நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவள் அவள் கையில் ஒரு விளக்கைத் திணித்தாள்.

அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.