போடாத வால்வு

மதியம் இரண்டு மணிக்கே மொண்டானா மலைகள் மேல் பனிமேகம் இறங்கியிருந்தது. தங்கை மார்லிஸின் பண்ணைக் கொட்டகை முன் வெண்டல் வண்டியை நிறுத்தியபோது, அவள் சமையலறை ஜன்னலிலிருந்து கையை மட்டும் ஆட்டினாள். பழைய டீசல் பிக்கப்பை வாங்க மூன்று மணிக்கு ஒரு மெக்கானிக் வருகிறார். அதற்குள் அதில் தான் மாட்டிய தண்ணீர்ச் சமாச்சாரத்தைக் கழற்றித் தருகிறேன் என்று இவன்தான் வலியப் போய்ச் சொல்லியிருந்தான். அண்ணனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்திருப்பாள். அக்கறையாவது, மண்ணாவது!

அந்த பிக்கப் அவளுடைய இறந்துபோன புருஷன் ஆரினுடையது. போன வருடம், வைக்கோல் பாரத்தோடு கணவாய் ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறது என்று அவன் புலம்ப, வெண்டல்தான் கையாலேயே ஒரு வழி செய்து கொடுத்தான். பின்னால் உயரத்தில் ஒரு டேங்க், கண்ணாடி கழுவுகிற மோட்டார், ஒரு குழாய், எஞ்சின் காற்றிழுக்கும் இடத்தில் ஒரு நாசில். ஏற்றத்தில் அது, குளிரில் உறையாமலிருக்க மெத்தனால் கலந்த நீலத் தண்ணீரைத் தூவும், எஞ்சின் சூடு தணியும். வண்டி நின்றதும் குழாயை அடைக்க ஒரு வால்வு வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தானாக இறங்கி எஞ்சினுக்குள் நிரம்பிவிடும்.

அந்த வால்வை அவன் போடவில்லை. விடிந்தால் எல்க் மான் வேட்டை ஆரம்பம், கடையோ நாற்பது மைல். வேட்டை முடிந்து வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

"வால்வு போட்டாச்சா?" என்று ஆரின் கேட்டான்.

"போட்டாச்சு" என்றான் வெண்டல், வாய் கூசாமல்.

மறுநாள் காலை டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய ஆரின், கணவாய் உச்சியில் டயருக்குச் சங்கிலி மாட்ட வண்டியை அணைத்தான். அதற்குள் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தது, மறுபடி சாவியைத் திருப்பியதும் அது ஒரே அடியில் இறுகிப்போனது. அன்று வீசிய பனிப்புயல் ஓய்ந்து இரண்டு நாள் கழித்து ஆட்கள் போனபோது, அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விறைத்திருந்தான். வண்டியை அவன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வெண்டல் ஷெரிஃபிடம் சொன்னான். தங்கையிடமும் அதையே சொன்னான், அவளும் நம்பினாள். அந்தக் கோபத்தில் ஒரு வருடமாக அவள் புருஷனின் கல்லறைப் பக்கமே போகவில்லை.

மெக்கானிக் கண்ணில் இந்தக் குழாய் பட்டால் குட்டு உடைந்துவிடும்.

கொட்டகைக்குள் எலிப் புழுக்கையும் பழைய டீசலும் நாறின. டேங்கைத் தட்டிப் பார்த்தான். காலி. உள்ளே தூசுதான் இருந்தது. கத்தியை எடுத்துக் குழாயை அறுத்தான்.

சொட்டு.

நீல நிறம். மெத்தனால் வாசனை. விரலில் பட்ட இடம் சுரீரென்று உறைந்தது.

கட்டைவிரலால் அடைத்தான். நிற்கவில்லை. முழங்கை வழியே சட்டைக்குள் இறங்கியது.

மோட்டார் முனகத் தொடங்கியது.

பேட்டரியைப் போன வருடமே கழற்றி விற்றாயிற்று.

அறுந்த குழாயின் வாயிலிருந்து, பற்கள் தந்தியடிக்க, ஒரு குரல் கிசுகிசுத்தது.

"வால்வு போட்டாச்சா?"

வெண்டலின் பழகிய நாக்கு பழைய பொய்யைத்தான் சொல்லிற்று. "போட்டாச்சு."

நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறியது. மூச்சை இழுத்தான், வரவில்லை. தொண்டைவரை குளிர்.

"போடல" என்று கக்கினான். "போடலடா ஆரின். நான்தான் உன்னைக் கொன்னேன்."

மோட்டார் நின்றது.

கதவருகே மார்லிஸ் இரண்டு காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தாள். என்ன போடவில்லை என்று கேட்டாள். தரையில் மண்டியிட்டபடி அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவள் கோப்பைகளை வேலை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு வருஷமா அந்த மனுஷன கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே" என்றாள்.

பிறகு பயணி பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் திரும்பி எதையோ பார்த்தாள். அவள் முகம் கனிந்தது.

"நீ போ, வெண்டல். நாங்க பேசணும்."

வாசலில் நின்று அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முன் கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு ஒரு வட்டம் பனித்திருந்தது. பக்கத்தில், ஸ்டியரிங்குக்கு நேரே, இன்னொரு வட்டம் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.