மூன்று பேர் ஜாமீன்

அந்தப் பெண் வந்த காலையில் சேதக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைக்க முயன்றுகொண்டிருந்தார். ஊசியில் நூல் கோர்க்க அவர் படும் பாட்டை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தவள், உள்ளே வந்து ஊசியை வாங்கி ஒரே முறையில் கோர்த்துக் கொடுத்தாள்.

"தையல் கடை வச்சிருக்கேன் சார். எங்க குளிர் அறையில நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்க."

சேதக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த மூட்டை என்று சேதங்களைப் பார்வையிடுவதிலேயே அவருடைய உத்தியோக காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்துகொண்டிருந்தார்கள். அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவன். கல்யாணம் இல்லாத மாதங்களில் தனக்குத்தானே துப்பறிவாளர் பதவி கொடுத்துக்கொள்வான். அவன் அதற்குள் கேமராப் பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"இருடா மச்சான், அவங்க இன்னும் உட்காரவே இல்ல," என்றார் சேதக்காரர்.

அவள் உட்கார்ந்து சொன்னாள். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிதிக்கு அவள் தலைவி. செவ்வாய்தோறும் கூட்டம் கூடும். வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கு, அவர்களே சிறுகச் சிறுகப் போட்டதிலிருந்து கடன். வாங்குகிறவருக்கு மூன்று பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அவர் கட்டாவிட்டால் அந்த மூவர் கட்ட வேண்டும். அவளுடைய தையல் கடையும் அப்படி வந்ததுதான். போன வருடம் எல்லோரும் சேர்ந்து வாங்கி ஒரு கொட்டகைக்குள் வைத்தது அந்தக் குளிர் அறை. பால்காரரின் வெண்ணெய், ஜாம் அக்காவின் பழக்கூழ், காளான் வளர்க்கும் பெண்ணின் காளான் எல்லாம் வாரக் கடைசியில் அதற்குள் சேரும். திங்கட்கிழமை நகரத்திலிருந்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சரக்கை வச்சுட்டுப் பூட்டினோம். திங்கக்கிழமை கதவைத் திறந்தா நாத்தம் மூஞ்சியில அடிக்குது. பின்சுவத்துல மெயின் ஸ்விட்சை யாரோ அணைச்சிருக்காங்க. உள்ள சூடேறினா ஒரு மணி அடிக்கும். அந்த மணியோட பேட்டரியைக் கழட்டி ஸ்விட்ச் பெட்டி மேலயே வச்சிருக்கு."

"பெட்டிக்குச் சாவி யார்கிட்ட?"

"சரக்கு வைக்கற மூணு பேர்கிட்ட. அப்புறம் எலக்ட்ரீஷியன்கிட்ட. ஞாயித்துக்கிழமை ராத்திரி அவர் கொட்டகைப் பக்கமா போனதைப் பால்காரர் பார்த்திருக்கார். அவ்வளவுதான், பத்திக்கிச்சு. அவர் கடைப் பலகையை உடைச்சுட்டாங்க. நிதியில அவர் வாங்கின கடனுக்கு நின்ன ஜாமீனையும் செவ்வாய்க்கிழமை கூட்டத்துல வாபஸ் வாங்கிட்டோம். யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல."

"குளிர் அறைக்கு இன்சூரன்ஸ்?"

"அடுத்த மாசம் எடுக்கலாம்னு இருந்தோம்."

சேதக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். இந்த வாக்கியத்தை உத்தியோகத்தில் அவர் கேட்காத வாரமே கிடையாது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மச்சான் ஒரு கையால் மூக்கையும் ஒரு கையால் கேமராவையும் பிடித்துக்கொண்டான். சேதக்காரர் வருவதற்காக எதையும் தொடாமல் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் பால்காரரின் பெட்டிகளிலிருந்து வெண்ணெய் உருகி, மஞ்சள் ஓடையாகச் சாக்கடை வாய் வரை போய் உறைந்திருந்தது. நடுவில் பழக்கூழ் டப்பாக்கள். மூடிகள் தெறித்துப் போய், கூரை வரை சிவப்பாகப் பீச்சியிருந்தது. வலப்பக்கம் காளான் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் பெட்டியில் காளான் கறுத்துக் குழைந்து கிடந்தது.

"இந்தப் பக்கம் மட்டும்தான் அத்தான் கால் வைக்க முடியுது, காய்ஞ்சு கிடக்கு," என்று மச்சான் காளான் அடுக்கின் பக்கம் ஒதுங்கி நின்று மற்ற இரண்டையும் படமெடுத்தான்.

"நீ நிக்கற இடத்தையும் ஒரு படம் எடு," என்றார் சேதக்காரர்.

பால்காரர் வெளியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார். ஞாயித்துக்கிழமை ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு இந்த முற்றத்தைத் தாண்டிப் போறான். ஒரே ராத்திரியில எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டான்."

ஜாம் அக்கா யார் பெயரையும் சொல்லவில்லை. "முந்தி யார் மேலயும் சந்தேகம் இல்லாம இருந்தேன். இப்ப எல்லார் மேலயும் இருக்கு. இந்த நோய் எனக்கு எப்ப போகும்னு தெரியல," என்றாள்.

காளான் வளர்க்கும் பெண்ணின் குடிசை ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. வாசலிலேயே நின்றிருந்தவள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே சுவர் முழுவதும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. காளான் பைகளைத் தொங்கவிடும் கயிறுகள் வெறுமனே ஆடின. கொல்லைப் பக்கம், வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்த சாம்பல் கட்டி தட்டிப் போயிருந்தது.

"அறுவடை முடிஞ்சது, சுத்தம் பண்ணிட்டேன்," என்றாள். "ரெண்டு ராத்திரி கரண்டு இல்லாம கிடந்தா எது சார் தாங்கும்? ஆனா அந்த எலக்ட்ரீஷியன் மேல பழி போடாதீங்க. பாவம், பொண்டாட்டி சீக்காளி."

"நல்ல மனசு அத்தான் அவங்களுக்கு," என்றான் மச்சான், திரும்பும் வழியில். சேதக்காரர் செருப்பில் ஒட்டிய சாம்பலைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் கடையில் ஒயர்ச் சுருள்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியமே மனைவியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாகவும், ஞாயிறு கடைசி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பியதாகவும் சொன்னார். வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, முற்றம் வழியே குறுக்காக நடந்து மருந்து வாங்கப் போயிருக்கிறார்.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊர்ல இருந்தியா, இல்லையான்னு கேட்டாங்க. இருந்தேன்னேன். அடுத்த கேள்வி யாரும் கேட்கல சார்."

மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். வார்டு நர்ஸுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாராம். நின்றுபோன மின்விசிறியையும் சரிசெய்து கொடுத்தாராம். ஆனால் ஞாயிறு ராத்திரிதானே கேள்வி என்று மச்சான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை சேதக்காரர் எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மட்டும் வரவில்லை. தனக்கு அங்கே வேலை இல்லை என்றும், காலை பஸ்ஸில் ஊரை விட்டுப் போவதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார்.

"முதல்ல பேட்டரி," என்று தொடங்கினார் சேதக்காரர். "எலக்ட்ரீஷியன் கெடுக்கணும்னு நினைச்சிருந்தா உள்ள ஒரு ஒயரைத் தளர்த்தி விட்டிருப்பார். நாம எல்லாரும் மெஷின் பழுதுன்னு நம்பி, அவரையே ரிப்பேருக்குக் கூப்பிட்டிருப்போம். ஸ்விட்சை அணைச்சு, பேட்டரியைக் கழட்டி மேலயே வச்சுட்டுப் போனது, அதுக்கு மேல வழி தெரியாத ஆள்."

"அது சும்மா ஊகம் சார்," என்றார் பால்காரர்.

"சரி. ஜாம் அக்கா, உங்க பழக்கூழ் ஒரு ராத்திரி வெளியில கிடந்தா என்ன ஆகும்?"

"புளிக்கும். நுரைக்கும்." அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "மூடி தெறிக்காது சார். மூடி தெறிக்க அடுத்த நாளும் போகணும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமை ராத்திரியே அணைச்சிருக்காங்க. அன்னைக்கு எலக்ட்ரீஷியன் நகரத்துல பொண்டாட்டி கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். நர்ஸ் சொல்லிட்டாங்க."

தலைவி வாசல் வழியாக எலக்ட்ரீஷியன் கடை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சேதக்காரர் காளான் அடுக்கின் பக்கம் நடந்தார். "காளான்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. அழுகினா ஒழுகும். இத்தனை பெட்டி அழுகியிருந்தா இங்க வழுக்கி விழணும். என் மச்சான் சேறு படாம நிக்க இடம் தேடி இங்கதான் வந்து நின்னான்." அவர் மேல் பெட்டிக்குள் குச்சியை விட்டுக் கிளறினார். கறுத்த ஒரு படலத்துக்குக் கீழே வைக்கோல். அடுத்த பெட்டியிலும் வைக்கோல். "அறுவடையே இல்ல. விளைச்சல் பூஞ்சணம் பிடிச்சுப் போயிருக்கு. அது பரவாம இருக்க பைகளை எரிச்சு, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. திங்கக்கிழமை லாரிக்காரன் பெட்டியைத் திறந்தா தெரிஞ்சுடும். அப்புறம் இன்னொண்ணு. எல்லாரும் ஒரு ராத்திரின்னு பேசிக்கிட்டிருந்தப்போ, ரெண்டு ராத்திரின்னு சொன்னது ஒருத்தங்கதான்."

காளான் வளர்க்கும் பெண் மறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஜாமீன் நின்னதே நான்தானேம்மா," என்றார் பால்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்க, ஜாம் அக்கா, தலைவி. போன தடவை தோத்தப்போ மூணு பேரும் எனக்காகக் கட்டினீங்க. உங்க வீட்டு அண்ணி வளையலை வித்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இந்தத் தடவை விதையே கெட்ட விதை அண்ணா. மறுபடி உங்க முன்னாடி எப்படி வந்து நிக்கறது? எனக்கு மட்டும் போச்சுன்னா அது என் தப்பு. எல்லாருக்கும் போச்சுன்னா கரண்டு தப்புன்னு நினைச்சேன். உங்க சரக்கு எவ்வளவு, அதை நம்பி எத்தனை பேர், அதெல்லாம் ஸ்விட்சை அணைக்கறப்போ தோணல. வீட்டுக்குப் போய்ப் படுத்தப்புறம்தான் தோணுச்சு. எழுந்து வந்து போட்டிருக்கலாம். வரல."

"கேட்டிருந்தா மறுபடியும் கட்டியிருப்போமேடி," என்றாள் ஜாம் அக்கா.

"தெரியும்கா. அதைத்தான் தாங்க முடியல."

யாரோ போலீஸ் என்றார்கள். போலீஸ் வந்து வெண்ணெயைத் திருப்பித் தருமா என்று பால்காரர் கேட்டார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தன்னுடைய காலிப் பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினார். ஜாம் அக்காவும் தன் டப்பாக்களைத் தனியாகப் பொறுக்கினாள். ஒருவருக்கொருவர் கை கொடுக்கவில்லை. ஒருவர் வெளியே வரும்வரை மற்றவர் காத்திருந்து உள்ளே போனார். அந்தப் பெண் உட்கார்ந்தே இருந்தாள். அவளைத் திட்டக்கூட யாரும் பக்கத்தில் வரவில்லை.

தலைவி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். சேதக்காரரும் மச்சானும் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, எலக்ட்ரீஷியன் சாக்கு மூட்டையோடு நின்றிருந்தார். அவர் மனைவி மூட்டையின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். தலைவி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நான் இல்லன்னு தெரிஞ்சுதே, சந்தோஷம்," என்றார் அவர். "அந்தப் பொண்ணை விட்டுடுங்க. பாவம்."

"நீங்க போகாதீங்க. கடையை மறுபடி திறக்கலாம். நிதியிலேருந்து தர்றோம்."

"ஜாமீன் யாருங்க?"

"நான் இருக்கேன்."

"முந்தியும் நீங்க இருந்தீங்க. செவ்வாய்க்கிழமை கூட்டத்துல முதல் ஆளா எழுந்து வாபஸ் வாங்கினீங்க. தப்புன்னு சொல்லல, உங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா இன்னும் ரெண்டு பேர் வேணுமே. யாரைக் கேட்பீங்க?"

தலைவி வாயைத் திறந்தாள். ஒரு பெயர்கூட வரவில்லை.

பஸ் வந்தது. மச்சான் மூட்டையை ஏற்ற ஒரு கை கொடுத்தான். எலக்ட்ரீஷியன் மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாகப் படியேற்றினார். ஜன்னலோரம் உட்கார வைத்து, வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டார். பஸ் போன பிறகும் தலைவி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"சார்," என்றாள் பிறகு, "நான் உங்ககிட்ட வராம இருந்திருந்தா?"

"ஒரு தப்பும் செய்யாத ஆளைத் துரத்திட்டோம்னு உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்."

"அப்படி இருந்திருந்தா செவ்வாய்க்கிழமை கூட்டமாவது நடந்திருக்கும். இனிமே யார் வருவாங்க?" என்றாள் அவள்.