நீலக் கோட்டுக்குக் கீழே

“இப்ப,” என்றான் ரவிசங்கர்.

கண்ணை இறுக்கி மூடியிருந்தான். சோதனையின் சட்டம் அது. பிசியோதெரபிஸ்ட் சௌமியா பஞ்சை முதலில் கன்னத்தில் ஒற்றுவாள். பிறகு காலில் எங்காவது ஒற்றுவாள். கன்னத்தில் தெரிந்தது போலவே காலிலும் தெரிகிறதா என்று அவன் சொல்ல வேண்டும். இன்று இடது குதிகாலில் தெரிந்தது. பஞ்சு போல இல்லை. மீன் கழுவிவிட்டு வந்த விரல் ஒன்று ஈரமும் குளிர்ச்சியுமாக அங்கே நின்று மெல்ல அழுத்தியது போல இருந்தது. எப்படி இருந்தால் என்ன, தெரிந்ததே! எட்டு மாதமாகச் செத்துக் கிடந்த காலில் ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது.

“நான் இன்னும் தொடவே இல்லையே அண்ணா,” என்றாள் சௌமியா.

கண்ணைத் திறந்தான். கன்னத்தில் ஒற்றிய பஞ்சு தரையில் கிடந்தது. அவள் ஜன்னலோர மேசையருகே முதுகைக் காட்டி நின்று, சுருளிலிருந்து புதுத் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் யாரும் இல்லை.

“கெஸ் பண்றீங்களா? மாட்டிக்கிட்டீங்க பாருங்க.”

அவனும் அசடு வழியச் சிரித்தான். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. முன்பு இரண்டொரு தடவை, அவள் குனியும்போது சட்டை உரசும் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாக ‘இப்ப’ என்று சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை அப்படி இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ரவிசங்கர் மின்துறையில் லைன்மேன். போன மழைக்காலத்தில் பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோப்போரம் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்தான். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கிப்போய், தொப்புளுக்குக் கீழே உடம்பு அவனுடையதாக இல்லாமல் போயிற்று. லம்பா லைன் மேட்டில் இருக்கும் இந்த மறுவாழ்வு மையத்தில் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவன் மனைவி சுகிர்தாதான் அலையாய் அலைந்து சேர்த்துவிட்டாள். முதுகில் இரண்டு பேடுகளை ஒட்டி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சிக்கொண்டே காலுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். உறங்கிப்போன நரம்பு விழிக்கிறதா என்று பார்ப்பார்கள். கரண்ட்டு வேலைக்காரனுக்குக் கரண்ட்டு வைத்தியமா என்று ஆபீஸ் நண்பர்கள் கேலி செய்தார்கள்.

உணர்ச்சி முடிகிற இடத்தில், தொப்புளை ஒட்டினாற்போல, சௌமியா நீல மார்க்கரால் வயிற்றின் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள். உணர்ச்சி திரும்பத் திரும்பக் கோடு கீழே இறங்கும் என்று சொல்லியிருந்தாள். இதுவரை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தெரிந்தால் அடுத்த கட்டச் சிகிச்சைக்குத் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அழைத்துப் போவார்கள். சுகிர்தா தினமும் வந்தவுடன் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பாள். அவன் முகத்தைப் பிறகுதான் பார்ப்பாள்.

அன்று சாயங்காலம் விளக்கு போட்ட கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் வந்தது. மழைக்காலம் என்பதால் மற்றக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பேடு ஒட்டப் பூசிய ஜெல்லின் இனிப்பு வாடையும், நனைந்து காயாத திரைச்சீலையின் பூஞ்சை வாடையும், எங்கிருந்தோ கசிந்து வந்த உப்புக் காற்றும் கலந்து தலையணையில் வந்து உட்கார்ந்திருந்தன. முதலில் ஒரு விரல். குதிகாலில், காலையில் பட்ட அதே இடத்தில். பிறகு இன்னொன்று, அதற்குச் சற்று மேலே. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தான். கணுக்காலின் வெளிப்பக்கமாக நான்கு. உள்பக்கம் தனியாகத் தடிமனாக ஒன்று.

முழங்கைகளை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளை வெளிச்சத்தில் அவன் கால் மட்டும் கிடந்தது. சுற்றிலும் காலி மெத்தை. கணுக்காலைப் பிடித்திருந்த பிடி மட்டும் தளரவில்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. உணர்ச்சி வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டுவிட்டு, வந்ததும் பயப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் சோதனையில் குதிகால், பாதம், கணுக்கால் மூன்றிலும் அவன் சரியாகச் சொன்னான். சௌமியா இரண்டாம் தடவை சோதித்தாள். பிறகு பஞ்சைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். மெயின்லேண்டிலிருந்து திரையில் வந்த பெரிய டாக்டர், உணர்ச்சி வழக்கமாக மேலிருந்து கீழே இறங்கும், இவருக்குக் கீழிருந்து ஏறுகிறது, ரொம்ப அபூர்வம் என்றார். யாரோ பிடிப்பது போல இருக்கிறது என்று ரவிசங்கர் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கும் அவரிடம் பதில் இருந்தது. விழிக்கிற நரம்பு இல்லாததையெல்லாம் சொல்லுமாம். சிலருக்குப் பூச்சி ஊரும், சிலருக்குத் தீப்பட்டது போல எரியும். நல்ல அறிகுறிதானாம்.

மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கிய சுகிர்தா விஷயத்தைக் கேட்டதும் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த எட்டு மாதத்தில் அவள் இப்படி வாய்விட்டு அழுது அவன் பார்த்ததில்லை.

“நான் பிடிச்சிருக்கிறது தெரியுதாங்க?”

“தெரியுது,” என்றான். உண்மைதான். அவள் கை சூடாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, கெண்டைக்காலில், குளிர்ந்த கை இருந்தது.

அவளிடம் எப்படிச் சொல்வான்? அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது ஏறியது. அவசரப்படவில்லை. தினம் பேடு ஒட்டி மின்சாரம் கொடுத்த பிறகு கொஞ்சம் ஏறியது. ஏறிய இடம் வரைக்கும் உணர்ச்சி வந்தது. கெண்டைக்கால். முழங்காலுக்குக் கீழே. முழங்கால். சௌமியா ஒவ்வொரு இடத்திலும் குட்டி நீலப் புள்ளி வைத்தாள். மழை விடவில்லை. கடல் கொந்தளிப்பில் ஷிப் நின்றுபோயிற்று. விமானங்களும் திரும்பிப் போயின. மேலே வட்டமடிக்கும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். பிறகு அந்தச் சத்தமும் மழைக்குள் போய்விடும்.

ஒரு நாள் துணிந்து குனிந்து, தன் கையை முழங்காலில் வைத்தான். முழங்காலுக்குத் தெரிந்தது. ஒரு கை அல்ல. இரண்டு கைகள். பதறி அந்த இன்னொரு கை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். வெறும் தோல்தான் அகப்பட்டது. ஆனால் தோல் ஈரமாக இருந்தது.

அன்று, பாதம் தொங்காமலிருக்கக் கட்டும் ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிக் காலைத் துடைத்துவிட்ட ஆயா ஜெயமணியிடம், இடது கணுக்காலைச் சுற்றியிருந்த கருப்புத் தடங்களைக் காட்டிக் கேட்டான். வெளிப்பக்கம் நான்கு. உள்பக்கம் ஒன்று.

“இது எப்ப வந்துச்சுக்கா?”

“அரே பையா, புரானா நிஷான்தானே இது. நீ இங்க வந்த அன்னிக்கே இருந்துச்சு. ஸ்ப்ளின்ட் பட்டை அழுத்துன பழைய தடம்னு டாக்டர் சொன்னாரே. டென்ஷன் மத் லோ, கவலைப்படாத.”

அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ரவிசங்கர் அப்படியே கிடந்தான். ஸ்ப்ளின்ட் போட்டதே இங்கே வந்த பிறகுதான்.

அப்படியென்றால் இது புதிதாக வரவில்லை. மின்சாரம் இதைக் கொண்டுவரவில்லை. விழுந்த நாளிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வீட்டில், சுகிர்தா பக்கத்தில் படுத்துத் தூங்கியபோது, எட்டு மாதமும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

“எனக்கு இந்தச் சிகிச்சை வேணாம்,” என்றான் மறுநாள்.

சௌமியா திகைத்துப்போனாள். சுகிர்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன பேசறீங்க? இன்னும் நாலு நாள்ல ரிப்போர்ட் போயிடும். நீங்க நடக்கப் போறீங்க. இப்பப் போய்...”

“நடக்க வேணாம் சுகி. எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். முன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன்.”

சௌமியாதான் சமாதானம் செய்தாள். “டீக் ஹை அண்ணா. இன்னிக்குப் பேடு வேணாம். டில்ட் டேபிள்ல மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்க. பெரிய டாக்டர்கிட்ட நாளைக்குப் பேசலாம்.”

டில்ட் டேபிள் என்பது கட்டில் போன்ற ஒரு மேசை. அதில் படுக்கவைத்து மார்பு, இடுப்பு, முழங்கால் மூன்று இடத்திலும் பட்டை போட்டு இறுக்கி, மோட்டாரால் மெதுவாக நிமிர்த்துவார்கள். காலில் உடம்பின் கனம் இறங்க வேண்டும் என்பதற்காக. மேசை உறுமிக்கொண்டே எழுந்தது. நிமிர்ந்து நின்றபோது ரவிசங்கர் கவனித்துப் பார்த்தான். கோட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கால் இல்லை, தொடை இல்லை, கை இல்லை. ஒரு நாள் பேடு ஒட்டாததில் எல்லாம் பழையபடி செத்திருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போது விளக்கு போயிற்று.

மணி ஐந்துதான். மழை இருட்டில் அறை கருத்துப்போனது. காற்று தகரத்தைப் பிய்த்தெடுப்பது போல அடித்தது. வெளியே எங்கோ மரம் முறியும் சத்தம் கேட்டது. லைன்மேன் காது அவனுடையது. கம்பி அறுந்திருக்கிறது, இப்போதைக்குக் கரண்ட்டு வராது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“மோட்டார் ஓடாதே,” என்றாள் சௌமியா. “ஜெனரேட்டர் போடச் சொல்லிட்டு வந்துடறேன். பயப்படாதீங்க அண்ணா, பட்டை ஸ்ட்ராங்.”

அவள் ஓடினாள். பட்டை ஸ்ட்ராங்தான். மார்புப் பட்டையை அவிழ்த்தால் முகம் குப்புற விழுவான். முழங்கால் பட்டை கைக்கு எட்டாது.

சுகிர்தா போன் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து, பழக்கதோஷத்தில் கோட்டுக்கு இறங்கி, தொடைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

“என்னங்க,” என்றாள். “என்னங்க, பாருங்க! தொடை அசையுது!”

பார்த்தான்.

அரைக்கால் சட்டைக்குக் கீழே, தொடைச் சதையில், ஐந்து குழிகள். வெளிப்பக்கம் நான்கு. உள்பக்கம் ஒன்று. அழுந்தின. எழுந்தன. கொஞ்சம் மேலே மறுபடி அழுந்தின.

அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது.

“தசை துடிக்குதுங்க! பேடு இல்லாமலே துடிக்குது!” அவள் குரல் தழுதழுத்தது. “முருகா...”

“சுகி. கையை வெச்சுத் தள்ளிவிடு.”

“எதைங்க?”

“அதை. தள்ளிவிடு சுகி. சீக்கிரம்.”

“ஐயோ, வேணாங்க. தொட்டா நின்னுடப் போகுது.”

குழிகள் சட்டைக்குள் போயின. துணி புடைத்தது. இடுப்புப் பட்டை லேசாகத் தூக்கிக்கொண்டது. கீழே ஒரு கை நுழைகிற அளவுக்கு. பிறகு படிந்தது.

பட்டைக்கு மேலே, சுருட்டிவிட்ட சட்டைக்குக் கீழே, வெறும் வயிறு. அதில் முதல் குழி. இரண்டாவது. ஐந்தும்.

நீலக் கோட்டை ஒட்டி வந்து நின்றன.

“சௌமியாவைக் கூட்டிட்டு வரேன். அவங்க பார்க்கணும் இதை!” சுகிர்தா போனை ஸ்டூலில் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் அவன் மேலேயே விழும்படி வைத்தாள்.

“போகாதே. சுகி!”

மழை இரைச்சலில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. சிரித்துக்கொண்டே ஓடினாள். கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது.

அவன் வயிற்றைப் பார்த்தபடி நின்றான். குழிகள் அசையவில்லை. கோட்டைத் தாண்டவில்லை. மேலே உயிருள்ள உடம்பு. ஒருவேளை அதனால் தாண்ட முடியாதோ. கோட்டுக்கு இந்தப் பக்கம் அதற்கு இடமில்லையோ. அவன் மூச்சு விட்டான். இன்னொரு மூச்சு.

கன்னத்தில் ஏதோ பட்டது.

மெல்ல. ஒற்றியெடுப்பது போல. சோதனைக்கு முன்னால் ஒற்றுவார்களே, அது போல. ஈரமாக, குளிர்ச்சியாக.

கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தான். ஐந்து குழிகளும் கோட்டுக்குக் கீழே அப்படியே அழுந்தியிருந்தன. கன்னத்தில் இருந்தது இன்னொரு கை.