பாதிக் குவளை

பிடிபட்ட ஸ்பானியக் கப்பலான சான்டா ஒரோசியாவில் அந்த ஆறு ஆங்கில மாலுமிகளும் ஏறியபோது பிற்பகலாகியிருந்தது. சண்டை ஓய்ந்தும் பீரங்கிப் புகையின் நாற்றம் பாய்களை விட்டுப் போகவில்லை. உயிரோடு இருந்த எதிரிகளை வேறு கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இறந்தவர்களைக் கடலில் இறக்கியாகிவிட்டது. கப்பலைப் பிளிமத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இவர்களுக்கு உத்தரவு.

கப்பலின் அடியில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. கந்தலும் தாரும் வைத்து அடைத்தும் தண்ணீர் கசிந்தது. பம்பை விடாமல் அடித்தால்தான் மிதக்கும். நிறுத்தினால் மூழ்கிவிடும்.

பம்பின் நீண்ட கைப்பிடியை ஆட்ட நான்கு பேர் வேண்டும். பாய்க்கு ஒருவன், சுக்கானுக்கு ஒருவன். ஆறு பேருக்கும் வேலை சரியாக இருந்தது. ஓய்வுக்குத்தான் ஆள் இல்லை.

க்ரீச். தொப். க்ரீச். தொப்.

"ஜெயிச்சது நாமதானே அண்ணே?" என்றான் வாட், கைப்பிடியில் தொங்கியபடி. "தோத்தவன்லாம் நிம்மதியா படுத்துட்டான். நாம தண்ணி எறைக்கிறோம்."

"மூச்சை மிச்சம் பிடிடா," என்றார் ஆம்புரோஸ். ஆறு பேரில் வயதில் மூத்தவர் அவர். அந்த வேலைக்கு நடுவிலும் அவர் உதடுகள் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

கசிவைப் பார்க்கக் கீழே இறங்கியபோதுதான் அவர் அவனைக் கண்டார். சுருட்டி வைத்த பழைய பாய்களுக்குப் பின்னால் ஒரு ஸ்பானிய வாலிபன் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கையில் ஒரு ஜெபமாலை. தேடியவர்களின் கண்ணில் அவன் படாமல் போயிருக்கிறான். வறண்ட உதடுகளால் அவன் கேட்ட சொல், கடலில் திரிகிற எல்லோருக்கும் தெரிந்த சொல். தண்ணீர்.

குடிதண்ணீர்ப் பீப்பாய்கள் சண்டையில் உடைந்துபோயிருந்தன. மிஞ்சிய ஒன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குவளைதான். ஆறு பேருக்கும் தலைவனான பாஸ்கோ சீறினான்.

"விட்டுத் தள்ளு. எப்படியும் போயிடுவான். நம்மாளுங்களுக்கே தொண்டை நனையல."

"என் பங்குல பாதி குடுக்கிறேன் ஐயா. வேற யார் பங்கையும் கேக்கல."

"நேத்து நம்ம மேல குண்டு போட்டவன்யா அவன்!"

"இருக்கலாம். இன்னைக்குத் தாகமா இருக்கான்."

ஆம்புரோஸின் மரக்குவளையின் அடியில் அவரே செதுக்கிய சிறு சிலுவை இருந்தது. வாலிபன் அதில் பாதியைக் குடித்தான். மார்பைத் தொட்டு, "இனீகோ," என்றான். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும் பாதி.

அன்று மதியம் மூடுபனி இறங்கியது. காற்று நின்றது. பாய்மரத்தின் உச்சி தெரியவில்லை, பிறகு பக்கத்தில் நிற்பவனின் முகமும் தெரியவில்லை. மரத்துப்போன கைகள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியை விட்டன. ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறக்கலாம் என்று ஆம்புரோஸும் உட்கார்ந்தார்.

கண் விழித்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

க்ரீச். தொப்.

வாட்தான் அடிக்கிறான் என்று நினைத்தார்.

வாட் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மற்ற ஐந்து பேரும் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். கைப்பிடி மட்டும் ஏறி இறங்கியது. ஈரக் கம்பளியும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாசனை வந்தது. பம்பைச் சுற்றிப் பலகையில் வெறுங்கால்களின் ஈரத் தடங்கள். மூன்று பேருடையவை. நான்காவது ஆள் நிற்கும் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

"அண்ணே," வாட் விழித்துவிட்டான். "யாரு அடிக்கிறது?"

"தெரியலடா."

"நம்மாளா, அவங்காளா?"

"சும்மா இரு. அடிக்கட்டும்."

கண் விழித்த பாஸ்கோ அதைப் பார்த்ததும் அலறினான். "கீழ கிடக்கிறவன்தான் கூப்பிடறான்! தூக்கிக் கடல்ல போடுங்க!" யாரும் அசையவில்லை. அவனே இறங்கிப் போய் இனீகோவைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வந்தான். கப்பலின் விளிம்பில் சாய்த்தான்.

பம்பு நின்றது.

அந்த நிசப்தத்தில், காலுக்கடியில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயா," என்றார் ஆம்புரோஸ் தாழ்ந்த குரலில், "அவங்க காப்பாத்துறது கப்பலை இல்ல. இவனைத்தான்."

பாஸ்கோ, பிடித்த சட்டையை விடாமல் இனீகோவை மெல்லத் தரையில் கிடத்தினான். பிறகு போய்த் தன் குவளையைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே அவன் வாயில் வைத்தான்.

க்ரீச்.

தொப்.

ஆனாலும் காயம் அழுகிவிட்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் இனீகோ இறந்துபோனான். உடலைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்தார்கள். ஜெபமாலையை அவன் விரல்களில் சுற்றினார் ஆம்புரோஸ். தம் மரக்குவளையையும் மார்பின் மேல் வைத்தார்.

"அவங்க ஜெபம் நமக்குத் தெரியாதே அண்ணே," என்றான் வாட்.

"நம்ம ஜெபத்தையே சொல்லு. கேக்கிறவர் ஒருத்தர்தான்."

உடலைக் கடல் ஏற்றுக்கொண்டது. இனி இறைக்க யார் வருவார்கள்? ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், வீங்கிய கைகளோடு பம்பை நோக்கி நடந்தார்கள்.

அவர்கள் தொடுமுன் கைப்பிடி எழுந்தது.

இதுவரை காய்ந்திருந்த நான்காவது இடத்தில் ஈரம் படர்ந்து ஒரு காலடியானது.

ஒற்றைக் காலடி. இடது கால்.

பிளிமத் வரும்வரை அது அங்கேயே இருந்தது. பாஸ்கோ அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றினான்.

கப்பலைக் கரைசேர்த்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்த ஆம்புரோஸ், பூட்டியிருந்த தம் வீட்டைத் திறந்தார். மேசையில் ஒரு மரக்குவளை இருந்தது. பாதி தண்ணீர். விரலை விட்டு நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. குவளையைத் தூக்கி அடியைத் தடவினார். சிறு சிலுவை.

வாசலிலிருந்து மேசைவரை தரையில் ஈரமான இடது காலடிகள். திரும்பிப் போன தடம் எதுவும் இல்லை.

ஆம்புரோஸ் வெகுநேரம் நின்றார். அவருக்கும் கால்கள் வலித்தன.

"உக்காரு தம்பி," என்றார் கடைசியில். "ரொம்ப தூரம் வந்திருக்க."

எதிரிலிருந்த முக்காலி, க்ரீச் என்றது.