தண்ணீர் லாரிக்கு அடியில்

அந்தத் தெருவில் தூங்குமூஞ்சி என்று ஒரு நாய் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

அது யாரையும் கடித்ததில்லை. குரைக்கக்கூட அதற்குச் சோம்பல். திருடன் வந்தால் கொஞ்சம் நகர்ந்து படுத்து வழிவிடும் என்று தெருவே கேலி பேசும். ஆனால் வாலு கூப்பிட்டால் மட்டும், எங்கே கிடந்தாலும் எழுந்து வந்துவிடும்.

வாலு என்பது பத்து வயதுப் பெண். வீட்டில் வைத்த பெயர் வேறு, செய்த சேட்டைக்குக் கிடைத்த பெயர் இது. அவளுடைய அம்மா தெருவில் தள்ளுவண்டி போட்டுத் துணி இஸ்திரி போடுகிறவர். குட்டியாக இருந்தபோது தூங்குமூஞ்சி அந்த வண்டிக்கு அடியில்தான் வந்து ஒண்டியது. வாலுதான் சோறு போட்டு வளர்த்தாள்.

அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். தெருவுக்குப் பொதுவான பெரிய தொட்டிக்குள் குழாயைப் போட்டுவிட்டு, நிரம்பும்வரை நிற்கும். அந்த லாரி எப்போதும் ஒழுகும். அடியில் நிழலும் இருக்கும், ஈரமும் இருக்கும். தூங்குமூஞ்சிக்கு வேறு என்ன வேண்டும்? லாரி வந்து நின்றதும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கிளம்பும்போது லாரிக்காரர் குனிந்து பார்ப்பார். "எந்திரி ராசா, எனக்கு வேலை இருக்கு" என்று அதை எழுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

ஒரு நாள் அவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

வாலு பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றி, மைதானத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்திருந்தார்.

"என்னைக் கேக்காம ஏம்மா புதைச்ச?" என்றாள் வாலு.

"நீ பாக்க வேணாம்னுதான்டி."

"அந்த ஆள் என்ன பண்ணான்?"

நேற்றுவரை லாரி மாமா. இன்றைக்கு அந்த ஆள்.

"அழுதாருடி."

"பொய் சொல்லாத."

அதற்குப் பிறகு வாலு சேட்டை எதுவும் செய்யவில்லை. வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தால் பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"வேற ஒரு குட்டி கொண்டாரட்டுமா?" என்று அம்மா கேட்டுப் பார்த்தார்.

"அது வேற நாய்மா."

"வேற நாய்தான். ஆனா..."

"எனக்கு வேணாம்."

இனிமேல் தன் வாழ்க்கையில் நல்ல நாள் என்று ஒன்று வரவே வராது என்று வாலு முடிவுகட்டிவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்த ஆளுக்கும் வலிக்க வேண்டும். நன்றாக வலிக்க வேண்டும்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் லாரி வந்தது. வாலு இஸ்திரி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கையில் ஒரு கல் வைத்திருந்தாள். லாரி கிளம்பும் நேரம் பார்த்து முன்கண்ணாடியில் எறிய வேண்டும் என்பது அவள் திட்டம்.

தொட்டி நிரம்பியது. லாரிக்காரர் குழாயைச் சுருட்டி மாட்டினார். பிறகு ரோட்டில் முட்டிபோட்டு, லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்தார். ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார்.

வாலு கையை ஓங்கினாள்.

இன்ஜின் நின்றுவிட்டது. லாரிக்காரர் இறங்கி வந்தார். மறுபடி முட்டிபோட்டார். இந்தத் தடவை தரையோடு தரையாகப் படுத்தே பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் சேறு. ஏறினார், இன்ஜினைப் போட்டார், அணைத்தார், இறங்கினார்.

பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"என்னய்யா, அடியில புதையலா தேடுற?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள்.

லாரிக்காரர் லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

"என்னால முடியலக்கா. எங்க நிறுத்தினாலும் இப்படித்தான். பாத்துட்டுத்தான் ஏறுறேன். ஏறினதும், அங்க ஏதோ படுத்திருக்குன்னு தோணுது. என் கண்ணையே என்னால நம்ப முடியல."

"தெரியாம நடந்ததுதானே? விடுப்பா."

"அந்தப் பக்கமும் பாத்திருக்கணும்கா. குனிஞ்சா தெரிஞ்சிருக்கும். அந்தப் பாப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் அழுதார். பெரிய ஆள், மீசை வைத்த ஆள், தெரு நடுவில் எல்லோரும் பார்க்க அழுதார்.

இதைப் பார்க்கத்தானே வாலு காத்திருந்தாள்? அவர் அழுதால் தன் வலி கொஞ்சமாவது குறையும் என்று நினைத்திருந்தாள். கொஞ்சம்கூடக் குறையவில்லை. இப்போது அவருடைய வலியும் சேர்ந்துகொண்டது. ராத்திரி தான் போர்வைக்குள் எப்படிச் சுருண்டு கிடந்தாளோ, அப்படித்தான் இவரும் எங்கேயோ கிடந்திருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது.

கல்லை எப்போது கீழே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. லாரி பக்கம் நடந்தாள்.

லாரிக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

வாலு முட்டிபோட்டாள். லாரிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். ஈரத் தரை இருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அங்கேயே குப்புறக் கிடந்து அழுதாள். ஹாரன் அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பிறகு எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"நான் நல்லா பாத்துட்டேன்" என்றாள்.

"நிஜமாவா பாப்பா?"

"நாலு பக்கமும் பாத்தேன். நான் இங்கயே நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க ஏறுங்க."

லாரிக்காரர் அவளையே பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். இன்ஜின் உறுமியது. லாரி நகரவில்லை. ஜன்னல் வழியாக அவர் தலை வெளியே வந்தது.

வாலு இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். மறுபடி அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கீழ யாரும் இல்ல மாமா, எடுங்க."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.