அலுமாரிச் சாறி

மாடிப் படிக்கட்டின் அடியில் ஒரு பெண் கிடந்தாள்.

நீலச் சாறி. பின்மண்டையில் இரத்தம். மூச்சு இல்லை...

முள்ளியவளைக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடம் அது. சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. வாசலில் ‘சாதாரண தரப் பரீட்சையில் நூறு வீதச் சித்தி’ என்ற தேர்ச்சிப் பதாகை மட்டும் காற்றில் ஆடியது.

இறந்தவள் சிவதர்சினி. பொருளியல் ஆய்வாளர். எந்தப் பிள்ளை படிக்கிறது, எந்தப் பிள்ளை பாதியில் காணாமல் போகிறது என்று வன்னி முழுக்க ஸ்கூட்டியில் அலைந்து விசாரித்தவள். பாவம்... விடை கிடைத்த இடத்திலேயே விழுந்துவிட்டாள்.

“காவலாளி சங்கிலிதான் சேர்,” என்றார் பள்ளிக்கூட அதிபர் கமலாசனி. “காலமை கேற்றில அவாவோட சண்டை பிடிச்சவன். நான் அவாவைக் காணவே இல்லை.”

இன்ஸ்பெக்டர் ஜனகன் சங்கிலியின் சட்டையைப் பிடித்தார்.

“என்னத்துக்கடா சண்டை?”

“ஜீன்ஸ் போட்டு வந்தாங்க சேர். சாறி இல்லாம உள்ள விட்டா என் வேலை போயிரும். மறிச்சேன். தண்ணி மோட்டர் போட்டுட்டு வந்து பாத்தா ஆளக் காணோம்.”

“பிறகு?”

“என் மக சுகந்தினிய இந்தப் பள்ளிக்கூடத்துல பரீட்சைக்கு வர வேணாம்னு நிப்பாட்டிட்டாங்க. அத தட்டிக் கேக்கத்தான் அந்தம்மா வந்தாங்க. அவங்கள நான் ஏன் சேர் கொல்லணும்?”

“ஜீப்பில ஏறு!”

சங்கிலி அழுதேவிட்டான். தகப்பன் மறியலில் அடைபட்டால் அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை ஏது, பள்ளிக்கூடம் ஏது?

“சேர், பொறுங்கோ.”

கான்ஸ்டபிள் அனோஜா. இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள். பிணத்தின் அருகே குந்தி, சாறியின் கரையை மெல்ல விலக்கினாள்.

உள்ளே ஜீன்ஸ்!

“ஜீன்ஸோட வந்தவாவுக்கு இந்தச் சாறி எங்கால சேர்?”

அவள் சாறியின் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள்.

“ஹவுஸ்கோட்டோட வந்த எங்கட அம்மாவுக்கும் ஒருக்கா இதைத்தான் சுத்தி உள்ள விட்டவா. அதிபரின்ர அலுமாரிச் சாறி. திறப்பு அவாவின்ர இடுப்பில.”

கமலாசனியின் கை தானாக இடுப்பிலிருந்த சாவிக்குப் போனது.

“காணவே இல்லை எண்டீங்கள், ரீச்சர்...”

“படிக்காததுகளை வீட்டில நிப்பாட்டினால்தான் நூறு வீதம் வரும்,” கமலாசனியின் குரல் உடைந்தது. “இதைப் பேப்பரில போடப்போறன் எண்டு அவா சொன்னா. தள்ளினனான்... சாவா எண்டு நினைக்கேல்ல.”

தள்ளிவிட்ட அன்றும் பள்ளிக்கூடச் சட்டம் தவறாமல் அவளுக்குச் சாறி சுற்றிவிட்டுத்தான் பேசியிருக்கிறார்!

அனோஜா ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

“ஏறுங்கோ ரீச்சர். இந்தக் கேசில எங்களுக்கும் நூறு வீதம்... ஒருத்தரையும் வீட்டில நிப்பாட்டாமல்.”